ரதி கிருஷ்ணராஜுக்குப் போன பார்சல்

எனக்குப் பிடித்த புத்தகங்கள் ஐந்து. ஐந்திலும் ஆணும் ஆணும் காதலிக்கிறார்கள். மூன்றில் யாரும் சாவதில்லை. மற்ற இரண்டில் சாவு உண்டு, ஆனால் காதலித்த குற்றத்துக்காக இல்லை. ஒருவன் மஞ்சள் காமாலையில் போகிறான், இன்னொருவனுக்கு எழுபத்தெட்டு வயது. புத்தகத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இலக்கியம் படித்தவனில்லை. கெம்பஸ் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டேன். பிறகு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இரண்டரை வருடம் இரவு வேலை பார்த்தேன். ரோலரில் அரைபட்ட கொழுந்தைப் பரப்பிவிட்டு நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் போனில் வாசிப்பேன். ஒருமுறை வாசிப்பில் நேரம் தவறி ஒரு பரப்புக் கொழுந்து முழுக்கக் கருத்துவிட்டது. டீமேக்கர் எல்லோருக்கும் முன்னால் கத்தினார். மறுநாள் நான் போகவில்லை.

நான் வாசித்த இந்த மாதிரிக் கதைகள் நாற்பது இருக்கும். முக்கால்வாசி எரிச்சலைத்தான் கொடுத்தன. இருநூறாம் பக்கத்துக்கு மேல் ஒருவன் தண்ணீர்ப் பக்கமாக நடக்கத் தொடங்கினால் போனை அணைத்துவிடுவேன். எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும். இன்னொரு எரிச்சலும் உண்டு. அந்தக் கதைகளில் எல்லோருக்கும் ஓர் அறை இருக்கிறது. பணமில்லாதவனுக்கும் இருக்கிறது. எழுதுகிறவர் முதல் அத்தியாயத்திலேயே ஒரு கதவையும் பூட்டையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது. நான் இருமினால் அடுத்த வீட்டில் "என்ன, சளியா?" என்று கேட்பார்கள்.

என் பட்டியலில் முதலாவது, இரண்டு தையற்காரர்கள் பற்றிய நாவல். ஒரே மெஷினை வைத்துக்கொண்டு ஒரு நகரத்துக் கடையில் இருபது வருடம் வாழ்கிறார்கள். அவர்களுக்குள் வரும் பெரிய சண்டையே கூரை ஒழுகுவதைப் பற்றித்தான். எனக்குக் கிடைத்த பிடிஎஃப்பில் கடைசி முப்பது பக்கம் இல்லை. ஆகவே அதில் யாரும் சாவதில்லை என்று நானாகத்தான் வைத்துக்கொண்டேன்.

ஷாமிலைச் சந்தித்ததும் அந்தப் பிடிஎஃப்பால்தான். பதுளை பஜாரில் அவனுடைய வாப்பாவுக்கு ஒரு கடை இருக்கிறது. கொப்பி, பேனை, போட்டோகாப்பி, பிரிண்ட். போன் திரை உடைந்திருந்ததால் நாவலைப் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தேன். நூற்று நாற்பது பக்கம் வர நேரமெடுக்கும். வெளியே வரும் தாள்களை அவன் சும்மா வாசித்துக்கொண்டு நின்றான். ஐம்பதாம் பக்கம் அளவில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு வந்த தாள்களையெல்லாம் எழுத்து தெரியாதபடி கவிழ்த்துக் கவிழ்த்து அடுக்கினான். கடைக்குள் ஒரு மூலையில் அவன் வாப்பா உட்கார்ந்திருந்தார்.

அது இரண்டு வருடத்துக்கு முன்பு. பிறகு ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், கடைக்குப் பின்னால் தாள்கட்டுகள் அடுக்கிய அறையில் சந்தித்தோம். வாசித்ததைப் பற்றிப் பேசுவோம், பேசாமலும் இருப்போம். அவனுக்கும் ஐந்து புத்தகப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் எல்லாவற்றிலும் ஆள் சாகிறான். இரண்டில் இரண்டு பேரும்.

"அப்படி முடிஞ்சாத்தான் நல்லா ஈக்கு" என்றான் ஒருநாள்.

"என்னடா நல்லா இருக்கு? செத்துப் போறாங்க."

"சரியா முடிஞ்சிருதே. பொறவு ஒத்தருக்கும் ஒண்டும் செல்லத் தேவையில்ல."

"அதான் ஒனக்குப் புடிச்சிருக்கு. அவனுங்க செத்துட்டா நீ எதையும் முடிவு பண்ண வேணாம். வாப்பாகிட்டயும் சொல்ல வேணாம்."

"நீ பெரிய வீரன்தான். கெம்பஸ விட்டு ஓடி வந்த. இப்ப ஸ்டோர விட்டும் ஓடி வந்தீக்கிற. அடுத்தது நான்தானே?"

இனி இந்தக் கடைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மாதிரி வார்த்தைகளைச் சொல்ல எனக்குக் கஷ்டமே இல்லை. மூன்று மாதம் போனது.

போன வாரம் வியாழக்கிழமை அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "தையக்காரர் புத்தகம் அச்சிலயே கெடச்சிது, முழுசா. ஒனக்குத் தபால்ல போட்டீக்கிறன். கடைசிப் பக்கத்துல ஒண்டு எழுதியீக்கிறன். அடுத்த கெழம வெள்ளிக்கு முந்தி பதில் செல்லு."

உடனே கூப்பிட்டேன்.

"என்ன எழுதியிருக்க? இப்பவே சொல்லேன்."

"வாயால ஏலாது. எழுதிட்டன், படி."

வைத்துவிட்டான். அவன் அப்படித்தான். எழுதச் சொன்னால் எதையும் எழுதுவான். பேசச் சொன்னால் பேனைகளை நிறம் பிரித்து அடுக்கத் தொடங்குவான்.

பதுளையிலிருந்து எங்கள் தோட்டம் இருக்கிற தெமோதரைக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்தத் தூரத்துக்கு ஒருவன் பார்சல் அனுப்புகிறான், வாங்கிக்கொள்ள வேண்டியவன் லயத்து வாசலில் உட்கார்ந்து ஐந்து நாள் காத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் அவ்வளவு ரோசம். புதன்கிழமையும் ஒன்றும் வராமல் போனபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

எங்கள் தோட்டத்தில் வீடுகளுக்கு விலாசம் கிடையாது. லயத்துக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. யாருக்கு எது வந்தாலும் தோட்டத்து ஆப்பீசுக்குத்தான் வரும். அங்கிருந்து டிவிசன் டிவிசனாகப் பிரித்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு அனுப்புவார்கள். கணக்கப்பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "இந்தா" என்று யார் கை நீட்டினாலும் கொடுத்துவிடுவார். வங்கிக் கடிதம், நேர்முகப் பரீட்சைக் கடிதம், ஆஸ்பத்திரி நாள் எல்லாம் அப்படித்தான் வந்து சேரும். சிலது வந்து சேராது.

வியாழக்கிழமை காலையில் ஆப்பீசுக்குப் போனேன். கிளாக்கர் சிவஞானம் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"என்னப்பா, திரும்ப வேலைக்கு வர்றியா?"

"இல்லீங்க. பார்சல் ஒண்ணு. பதுளையில இருந்து. கிருஷ்ணராஜ் பேருக்கு."

"இந்தத் தோட்டத்துல எத்தன கிருஷ்ணராஜ் இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? நாலு. அதுல ஒருத்தன் செத்துட்டான், அவனுக்கும் இன்னும் கடுதாசி வருது." பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். "சனிக்கிழம வந்திருக்கு. கீழ் டிவிசனுக்கு அனுப்பியிருக்கோம்."

"நான் மேல் டிவிசனுங்க."

"அத பார்சல்ல எழுதச் சொல்லணும். அனுப்புனவன் ஒன் பேரையும் தோட்டத்தையும் மட்டும் எழுதிட்டு, அவன் கடை ஸ்டிக்கர பெருசா ஒட்டியிருந்தான். அது நல்லா ஞாபகமிருக்கு. யாரு, தெரிஞ்சவனா?"

"கடைக்காரருங்க" என்றேன்.

கடைக்காரன் மகன் அல்லவா! எதைச் சுற்றினாலும் பிரியாமலிருக்கக் கடை ஸ்டிக்கரை ஒட்டுகிற கை. ஒரு பக்கத்தில் மனதில் உள்ளதையெல்லாம் எழுதி, அதன் மேல் வாப்பாவின் கடைப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒட்டி அனுப்பியிருக்கிறான்.

கீழ் டிவிசன் கிருஷ்ணராஜை எல்லோருக்கும் தெரியும். ரதி கிருஷ்ணராஜ் என்பார்கள். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது அவர்தான் ரதி. காப்புக் கட்டி, விரதமிருந்து, சேலை உடுத்தி, மன்மதனை எரித்த இடத்தில் மாரிலடித்து அழுவார். பொம்பளைகளெல்லாம் கூடவே அழுவார்கள். மற்ற நாட்களில் மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு மலையில் புல்லுக்கு மருந்தடிப்பார். நாற்பத்திரண்டு வயது, மீசை உண்டு. கூத்துக்கு முதல்நாள் எடுத்துவிடுவார்.

அவருடைய மனைவி ரெங்கம்மா பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறார். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். நான் போனபோது மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இருந்தார்.

"அக்கா, ஒங்க வூட்டுக்கு ஒரு பார்சல் வந்துச்சா? புஸ்தகம்?"

"வந்துச்சு. ஏன், ஒனக்கு யாரு சொன்னா?" அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போன வருசம் கூத்த வீடியோ எடுத்தாங்கள்ல, அந்தப் படிச்ச ஆளுங்க. ஒங்களப் பத்தி புஸ்தகம் வரும், அனுப்பி வைப்போம்னு சொல்லிட்டுப் போனாங்க. இவரு ஒரு வருசமா பாத்துக்கிட்டே இருந்தாரு. பெரட்டுல பேரக் கூப்புட்டதும் வாங்கிக்கிட்டு வேலைக்கே போகல."

"தொறந்து பாத்தீங்களா?"

"பாக்கறதா? மூணு நாளா ராத்திரி நான்தானே படிச்சுக் காட்டுறேன். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ரதி எங்க வருது, ரதி எங்க வருதுன்னு பக்கத்துக்குப் பக்கம் கேக்குறாரு. வந்தாத்தானே? யாரோ ரெண்டு தையக்காரனுங்க, ஒரே கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு ஒழுகுது ஒழுகுதுன்னு சண்ட போடுறானுங்க."

"இப்ப எங்க அக்கா புஸ்தகம்?"

"அவருதான் எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போயிருக்காரு. மேல கடப் பேரு ஒட்டியிருந்துச்சே? மாத்தி அனுப்பிட்டீங்க, நம்ம கூத்து உள்ள புஸ்தகத்தக் குடுங்கன்னு கேக்கப் போயிட்டாரு. ஒம்பது மணி பஸ்சு."

ரெங்கம்மா எதுவரை வாசித்தார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பாதைக்கு ஓடினேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே ஷாமிலைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தான். குரலில் காற்றுத்தான் இருந்தது.

"ஒத்தர் வந்தீக்கிறார். கையில புத்தகம். வாப்பா கண்ணாடிய எடுக்கிறார். வை."

ஹாலி-எலயில் பஸ் பத்து நிமிடம் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் வடை வாங்கினார். எனக்கு அந்த மனிதரைக் கொல்ல வேண்டும்போலிருந்தது.

கடைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று சொன்னவன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி உள்ளே போனேன். ஷாமிலின் வாப்பா வாஹித் ஹாஜியார் மேசைக்குப் பின்னால் நின்று பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ரதி கிருஷ்ணராஜ், கலியாணத்துக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டையில். போட்டோகாப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஷாமில். மூன்று மாதத்தில் மெலிந்திருந்தான்.

"இதுல கூத்து இல்ல தம்பி" என்றார் ஹாஜியார் பொறுமையாக. "ரெண்டு தையக்காரர் ஈக்கிறாங்க. மழ பெய்யுது."

"அதத்தான் நானும் சொல்றேன் முதலாளி. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மழதான். ரதியுமில்ல, மன்மதனுமில்ல. நீங்க மாத்தி அனுப்பிட்டீங்க."

"ஸ்டிக்கர் எங்கடதான். ஆனா இப்படி ஒரு புத்தகம் நாங்க விக்கிறல்லயே. ஷாமில், இது நீ கட்டினதா?"

ஷாமில் மெஷின் மூடியைத் திறந்து மூடினான்.

"அது எனக்கு வந்தது ஹாஜியார்" என்றேன். "என் பேரும் கிருஷ்ணராஜ்தான். தோட்டத்துல மாத்திக் குடுத்துட்டாங்க."

ரதி கிருஷ்ணராஜ் திரும்பிப் பார்த்தார். "அட, மேல் டிவிசன் கிருஷ்ணராஜு! ஒனக்கா? அதானே பாத்தேன்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. என்னைப் பார்த்தார், ஷாமிலைப் பார்த்தார், வெற்றிலைக் கறை படிந்த வாயை மூடிக்கொண்டார்.

ஹாஜியார் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார்.

பத்து வருடமாக அந்தக் கடையில் ரசீது எழுதுகிற கை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? அவர் அவசரப்படவில்லை. முழுப் பக்கத்தையும் வாசித்தார். நடுவில் ஒரு பிள்ளை வந்து ஏ ஃபோர் தாள் இரண்டு கேட்டது, எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தார். பிறகு இரும்பு அடிமட்டத்தை எடுத்துத் தையலோரமாக வைத்து அழுத்தி, அந்தத் தாளை ஒரே இழுப்பில் கிழித்தார். ஒரு பிசிறு இல்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். புத்தகத்தைப் பிரவுன் தாளில் புதிதாகச் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"புத்தகம் உங்கட. கொண்டு போங்க. கையெழுத்து எங்கட கடையிட. அது இங்க ஈக்கட்டும்." பிறகு, "ரெண்டு பேரும் பிளேன்டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பிளேன்டீ கேட்கிற மனிதரிடம் என்ன செய்வது? நான் ஷாமில் பக்கம் திரும்பினேன்.

"என்ன எழுதியிருந்த?"

அவன் பேனைப் பெட்டியை இழுத்தான். நீலத்தை நீலத்தோடும் சிவப்பைச் சிவப்போடும் போட்டான்.

"ஒண்டுமில்ல. புத்தக லிஸ்ட்" என்றான்.

கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

திரும்பிப் போகிற பஸ்ஸில் ரதி கிருஷ்ணராஜ் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சும்மா இருக்கிற ஆளில்லை.

"புஸ்தகம் மோசமில்ல தம்பி. ஆனா சப்புன்னு இருக்கு. யாராச்சும் எரிஞ்சாத்தானே கேக்குறவனுக்கு அழுக வரும்? அதுலயும் கடைசியில என்ன ஆகுதுன்னா..."

"சொல்லாதீங்கண்ணே. நான் இன்னும் முடிவு படிக்கல."

"படிக்கலியா? அப்புறம் எதுக்குடா அந்த ஓட்டம் ஓடி வந்த?"

அவர் கொஞ்ச நேரம் முன் சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசித் தாளுக்கா?"

"ம்."

"அதையும்தான் ரெங்கம்மா படிச்சாளே. ரெண்டு தடவ."

அப்போதுதான் திரும்பினேன். அவர் குரலைத் தணித்தார். பஸ்ஸில் சிங்களப் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் அதற்குத் தேவையே இருக்கவில்லை.

"எங்களுக்கு எழுதுனதுன்னு நெனச்சோம். படிச்சா ஒண்ணும் பொருந்தல. அப்புத்தளையில புதுசா ஒரு கடையாம். வெள்ளிக்கெழம தொறக்குறாங்களாம். நாளைக்குத்தானே? அந்தக் கடைய இந்தப் பையனுக்குத்தான் குடுக்குறாரு பெரியவரு. கூட ஒருத்தர் வேணும், நீ வான்னு எழுதியிருக்கு. மேல மாடியில ஒரு ரூமு. கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்காம். அத வேற ரெண்டு எடத்துல எழுதியிருந்தான்."

"வேற?"

"நீ பதில் சொல்லலன்னா மச்சானோட தம்பி ஒருத்தன் கூட வந்துருவானாம், ஸனூஸோ என்னமோ பேரு. அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாதாம். புஸ்தகப் பேரு அஞ்சு எழுதி, அஞ்சையும் வெட்டியிருந்தான். சாவுற புஸ்தகமாம், இனிமே வேணாமாம். சரியான பைத்தியம். வெட்டுறதுக்கு எதுக்கு எழுதணும்?"

"வேற என்ன இருந்துச்சு?"

"இருந்துச்சு. அத நான் சொல்லமாட்டேன். அத வாசிக்கறப்ப ரெங்கம்மாவுக்கே சத்தம் கொறஞ்சு போச்சு. புள்ளைங்க தூங்கிருச்சான்னு எட்டிப் பாத்துட்டு வந்துதான் மிச்சத்த வாசிச்சா."

நான் புத்தகத்தை மடியில் வைத்திருந்தேன். பிரவுன் தாளில் ஹாஜியார் மடித்த மூலைகள் கத்திபோல இருந்தன.

"நீங்க ஒண்ணும் கேக்கலியாண்ணே?"

"என்னத்தக் கேக்கறது? பதினெட்டு வருசமா சேலையக் கட்டிக்கிட்டு, எரிஞ்சுபோன புருசனுக்காக ஊரு முன்னால அழுவுறவன் நான். அப்ப யாரும் ஒண்ணும் கேக்கல." மீசையைத் தடவினார். "ஆனா அதுக்காக நான் ஒன் பக்கம் நிப்பேன்னு நெனச்சுக்காத. நாங்க கூத்து முடிஞ்சதும் சேலைய அவுத்து மடிச்சு வச்சுருவோம். நீங்க மடிச்சு வைக்க மாட்டீங்கபோல. லயத்துல விசயம் தெரிஞ்சா நான் வாயத் தொறக்கமாட்டேன். எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு."

"சரிண்ணே."

"ரெங்கம்மாவும் தொறக்கமாட்டா. அது வரைக்கும் சொல்லலாம்." பிறகு ஏதோ அவரை அரித்துக்கொண்டிருந்ததுபோல மறுபடி தொடங்கினார். "அந்தப் பையன் வெட்டுன புஸ்தகத்துல எல்லாம் ஆளக் கொன்னுட்டு அப்படியே விட்டுருவாங்களா?"

"ஆமா. அதோட முடிஞ்சிரும்."

"அது என்ன அரகொற வேல? நாங்களும்தான் மன்மதன எரிக்கிறோம். எரிச்சுட்டு மூணாம் நாளு எழுப்பிருவோம்ல? எழுப்பாம விட்டா தோட்டமே சண்டைக்கு வந்துரும். எழுதுறவனுங்கள யாரும் கேக்கறதில்லபோல."

ஹாலி-எல வந்தது. நான் எழுந்தேன்.

"எங்க போற?"

"பதில் சொல்லணும். இன்னைக்குள்ள."

"கடையிலயா? பெரியவரு இருக்காரே!"

"இருக்கட்டும்."

"பைத்தியக்காரப் பயலே" என்றார். காலை ஒதுக்கி வழி விட்டார்.

பதுளைக்குத் திரும்பும்போது நேரம் ஒன்று தாண்டியிருந்தது. ஹாஜியார் பள்ளிக்குத் தொழப் போயிருந்தால் நல்லது என்று வழி முழுக்க நினைத்தேன். போய்விட்டு வந்துவிட்டார். தொப்பியோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஷாமில் முன்னால் சாப்பிடாமல் ஒன்று இருந்தது. என்னைக் கண்டதும் அவன் கண்ணால் வெளியே போ என்றான். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்சப் பயமும் போய்விட்டது. எரிச்சல்தான் மிச்சம்.

என்ன பேச வேண்டுமென்று பஸ்ஸில் யோசித்திருந்தேன். கடையில் எவன் நின்றாலும் கேட்கக்கூடிய வார்த்தைகளாக இருக்க வேண்டும். ஷாமில் விரும்பினால் தப்பிக்கொள்ள இடமிருக்க வேண்டும்.

"அப்புத்தளைக் கடைக்கு ஒரு ஆள் வேணும்னு எழுதியிருந்தீங்க" என்றேன். "நான் வர்றேன்."

ஹாஜியார் என்னைப் பார்க்கவில்லை. சோற்றில் மீனைப் பிரித்து முள்ளை ஓரமாக வைத்தார்.

"யாரு எழுதின?" என்று கேட்டார். தாள் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. மடிப்பு வெளியே தெரிந்தது. "நான் ஒத்தருக்கும் எழுதல்லயே. ஷாமில், நீ எழுதினியா?"

அவரும் அவனுக்கு வாசலைத் திறந்துதான் வைத்தார். அது எனக்குப் புரிந்தது. இல்லை வாப்பா என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவர் சோற்றைச் சாப்பிட்டு முடித்திருப்பார், நான் பஸ் ஏறியிருப்பேன், நாளைக்கு ஸனூஸ் மாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். எல்லாம் சரியாக முடிந்திருக்கும்.

ஷாமில் பேனைப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினான். அதை எடுக்கவில்லை. கையை மேசை மேலேயே வைத்துக்கொண்டான்.

"நான்தான் வாப்பா எழுதின" என்றான். "எல்லாத்தையும் நான்தான் எழுதின. எனக்கு இவர்தான் வரணும். ஸனூஸ் வேணாம்."

கடைக்கு வெளியே முச்சக்கரவண்டி ஒன்று திரும்ப முடியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஹாஜியார் வாயில் வைத்ததை மென்று முடித்தார். கையைக் கழுவினார். துடைத்தார். சுவரில் மாட்டியிருந்த சாவிக்கொத்திலிருந்து அப்புத்தளைக் கடையின் புதுச்சாவி இரண்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

"நாளைக்கு அங்க கட தொறக்கிறல்ல" என்றார். "தங்கச்சி ஸில்மியாக்கும் அவட மாப்புளைக்கும் கோல் எடுத்துச் செல்லு. உம்மாக்கு நான் செல்றன். என்ன செல்றண்டுதான் தெரியல்ல." தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். ஷாமிலைப் பார்த்து, "சோறு ஆறுது, தின்னு" என்றார்.

ஷாமில் தின்னவில்லை. மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தான். இரண்டு வருடத்தில், கடை திறந்திருக்கும் நேரத்தில், அவன் எனக்குப் பக்கத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. அவன் முழங்கை என் முழங்கையில் பட்டது. நான் அவனை நகரச் சொல்லவுமில்லை, இழுத்துப் பிடிக்கவுமில்லை. ஹாஜியார் மறுபக்கம் நின்று லாச்சியின் மேல் கையை வைத்திருந்தார்.

நான் இவ்வளவு காலமும் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தது வாப்பாவிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையைத்தான். இப்போது சொல்லிவிட்டான், அதுவும் வாயால். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் எனக்கு அந்தச் சாவியும் வேண்டியிருந்தது.